கருகமணிக் கண்கள்

குருபரப்பள்ளியைத் தாண்டியதும் பெங்களூர் சாலை லேசாக வளைகிற இடத்தில் ஒற்றையறை ஓட்டு வீடு ஒன்று இருந்தது. எதிரே தந்திக் கம்பம். சாயங்காலம் ஆனால் அந்தக் கம்பியில் பச்சைக் குருவிகள் வந்து உட்காரும். உடம்பு கட்டைவிரல் பருமன்தான். வால் மட்டும் கடைசியில் ஊசி போல நீண்டிருக்கும். கண்ணை ஒட்டி மை இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு ஓடும். சில ஒன்றையொன்று ஒட்டி உட்காரும். சில நடுவில் இடம் விட்டு உட்காரும். பறந்து போய் ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு, புறப்பட்ட அதே இடத்துக்கே திரும்பி வரும்.

முனவர் பேகம் வாசற்படியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டே அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தத் திரும்பி வருகிற பழக்கம்தான் முதலில் அவள் கண்ணில் பட்டது.

அவளுடைய புருஷன் நூர் முகமது லாரி டிரைவர். கிருஷ்ணகிரி அணை வேலை நடந்தபோது சிமெண்டு மூட்டை ஏற்றி வருவான். அந்தக் காலத்தில்தான் கல்யாணம் நடந்தது. பிறகு காண்ட்ராக்டரோடு மைசூர் ராஜ்யத்துப் பக்கம், பத்ரா அணை வேலைக்குப் போனான். போன புதிதில் மாதம் ஒருமுறை வந்தான். அப்புறம் பெருநாளுக்கு மட்டும் வந்தான். அப்புறம் வரவில்லை. அவன் லாரியின் ஹாரன் சத்தம் முனவருக்கு நன்றாகத் தெரியும். அடைத்த தொண்டையில் பேசுகிற மாதிரி இருக்கும். அந்தச் சாலையில் பகலும் இரவும் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அண்ணன் கௌஸ் மொய்தீன் வளையல் வியாபாரி. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீடு. வளையல் கட்டுகளைக் கயிற்றில் கோத்த மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சூளகிரி, கல்லாவி என்று சந்தை சந்தையாகப் போகிறவன். சூளகிரிக்குப் போகும்போதும் வரும்போதும் தங்கச்சி வீட்டில் இறங்குவான். இறங்கினால் ஒரே பேச்சுதான்.

"இங்க தனியா கெடந்து என்னாத்துக்கும்மா கஷ்டப்படற? நம்ம ஊட்டுக்கு வந்துடு. உங்க அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அவரு வந்து பார்த்தா ஊடு பூட்டியிருக்கும்ண்ணே."

"பக்கத்துல சொல்லிட்டு வர்றது."

"பூட்டின ஊட்டப் பார்த்தா மனுசன் யாரையும் கேக்க மாட்டான். அப்படியே திரும்பிப் போயிடுவான்."

பக்கத்தில் என்றால் வெங்கடம்மாள். சாலையோரத்தில் பொரிகடலைக் கடை வைத்திருந்த தெலுங்குக்காரி. முனவருக்கு அவள் அவ்வா, பாட்டி; அவளுக்கு முனவர் அம்மாயி, சின்னப் பெண். பிள்ளைகளெல்லாம் பிழைப்புக்குப் போய்விட்டதால் ராத்திரி முனவரோடு வந்து படுத்துக்கொள்வாள். படுத்த உடனே தூங்கிவிடுவாள். ஆகவே அந்தத் துணையும் பாதித் துணைதான்.

சின்ன வயதில் உடைந்த வளையலை விளக்கில் காட்டி, இளகியதும் வளைத்து, ஒன்றில் ஒன்றைக் கோத்துச் சங்கிலி செய்வது அண்ணனும் தங்கையும் விளையாடிய விளையாட்டு. எந்த வீட்டுப் பிள்ளைதான் அதைச் செய்யவில்லை? வயது ஏறினால் மறந்துவிடும். முனவருக்கு மறக்கவில்லை. வளையல் போடும்போது கையில் உடைகிற துண்டு வியாபாரி கணக்கில்தான் சேரும். கௌஸ் மொய்தீன் அவற்றைக் குப்பையில் கொட்டுவதற்குப் பதில் ஒரு நாள் தங்கையிடம் கொட்டினான். பொழுது போகட்டும் என்றுதான்.

முதலில் அவள் செய்தது உருண்டை மணி. குடைக்கம்பி ஒன்றை எடுத்து, ஏரிமண்ணையும் சலித்த சாம்பலையும் குழைத்துப் பூசிக் காயவைப்பாள். பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி கம்பியை விடாது. ஆமணக்கெண்ணெய் விளக்கின் தடித்த திரியில் சுடர் நிற்கும். நகை ஆசாரியிடம் அண்ணன் வாங்கிவந்த ஊதுகுழலால் அதை ஊதினால் சுடர் நாக்கு மாதிரிப் பக்கவாட்டில் நீளும். நீலமாக இருக்கிற அந்த நுனியில்தான் சூடு. அதில் வளையல் துண்டைக் காட்டி, இளகுகிற கண்ணாடியைக் கம்பியின் மேல் சுற்றிக்கொண்டே வரவேண்டும். கம்பியைத் திருப்புவதை நிறுத்தினால் கண்ணாடி ஒழுகிவிடும். ஊதுவதை நிறுத்தினால் உறைந்துவிடும். கன்னத்தில் காற்றை அடைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்கப் பழக அவளுக்கு வெகுநாள் ஆயிற்று. அந்த நாளில் கண்ணாடியில் முகம் பார்த்தால் கன்னம் இரண்டும் வீங்கி, யாரோ அறைந்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் உருண்டையிலிருந்து தவறிப்போய் ஒரு இழை நீண்டது. அவள் அதை வெட்டாமல் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கடைசியில் ஊசி மாதிரி முடிந்தது. எதிரே தந்திக் கம்பியைப் பார்த்தாள். அது வால்.

அன்றிலிருந்து குருவிதான். வாலுக்கு ஒரு இழுப்பு. அலகுக்கு ஒரு கீற்றை ஒட்டி வளைத்து ஒரு இழுப்பு. இறக்கைக்குக் கத்தி முனையால் வரி வரியாக ஒரு கீறல். வயிற்றின் குறுக்கே கம்பி இருந்த இடம் ஓட்டையாக நிற்கும், நூல் கோப்பதற்கு. நூலில் கோத்தால் குருவி கம்பியில் உட்கார்ந்த மாதிரியே உட்காரும். கன்னடக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பச்சை வளையல்தான் கட்டுக் கட்டாகப் போகும். ஆகவே பச்சைத் துண்டுக்குப் பஞ்சம் இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. செய்து முடித்த குருவியை உடனே காற்றில் வைக்கக்கூடாது. சட்டியில் சாம்பலை வறுத்து, சூடு குறையாமல் அடுப்போரம் வைத்து, அதற்குள் புதைத்துவிட வேண்டும். விடிந்துதான் எடுக்க வேண்டும். தலைக்குக் கொஞ்சம் செம்பழுப்பு வேண்டும் என்று அவள் வேறு நிறத் துண்டைச் சேர்த்த குருவிகள் சாம்பலுக்குள்ளேயே வெடித்தன. ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள், சட்டிக்குள் 'டிக்' என்று கேட்கும். பல்லி சத்தத்தைவிடச் சின்னச் சத்தம். அதோடு அந்தக் குருவி முடிந்தது.

ஏன் சில ஒட்டுகின்றன, சில வெடிக்கின்றன என்று அவளுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. வெடித்த துண்டுகளை வைத்துக்கொண்டு யோசித்து அவளே கண்டுபிடித்தாள். நிறம் பார்த்துச் சேர்த்தால் பயன் இல்லை. ஒரே பெட்டியில் வந்த வளையல் ஒன்றோடொன்று சேரும்; வேறு பெட்டியில் வந்தது சேராது. ஒரே உலையில் காய்ச்சியது போலிருக்கிறது என்றாள். அண்ணனுக்கு அது உடனே பிடித்துவிட்டது. வியாபாரத்தில் ஒரு சரக்கை இன்னொன்றோடு கலக்கவிடாதவன் அவன். அதன் பிறகு பெட்டிக்கு ஒரு நிறத் துணிக்கிழிசலில் துண்டுகளை முடிந்துகொண்டு வந்தான். அவள் பெட்டிக்கு ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு, அதே துணியைச் சுற்றி வைத்தாள். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சிகள் வரிசையாக இருக்கும். வெங்கடம்மாள்கூட அவற்றைத் தொடப் பயப்படுவாள்.

எல்லாம் கூடிவந்தது. கண் மட்டும் கூடிவரவில்லை. கறுப்பு வளையல் எந்தப் பெட்டியில் வந்தாலும் அந்தப் பச்சையோடு சேர மறுத்தது. மிளகில் பாதி அளவு பொட்டு வைத்தால், காலையில் பொட்டு தனியாகவும் குருவி தனியாகவும் கிடக்கும். இருந்த இடத்தில் ஒரு குழி. அப்படிக் குழி விழுந்த குருவிகளை அவள் முறத்தில் பரப்பி வைத்திருந்தாள்.

வெங்கடம்மாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஏன் அம்மாயி, ஊரு உலகத்துல குருவி செய்யறவங்க கண்ணு வெச்சித்தான் செய்வாங்க. நீ என்னா குருட்டு ஆஸ்பத்திரி நடத்தறியா?"

"கண்ணு நிக்க மாட்டேங்குது அவ்வா."

"மையால பொட்டு வெச்சிடு. தூரத்துலருந்து பார்த்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

"உனக்காகவா செய்யற?" என்று கேட்டுவிட்டு வெங்கடம்மாள் குருவியை முறத்தில் திருப்பி வைத்தாள். வேறு யாருக்காக என்று கேட்டால் பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

முனவரின் கழுத்தில் கருகமணி கிடந்தது. கல்யாணத்தன்று மாமியார் காத்தூன் தன் கையால் கட்டியது. சின்னச் சின்னக் கறுப்புக் கண்ணாடி மணிகள், நடுவில் இரண்டு பொன்குண்டு, ஒரு பொன் பிறை. "இது என் மாமியா எனக்குக் கட்டினது. அவங்களுக்கு அவங்க மாமியா கட்டினது. நூலுதான் புதுசு, மணி பழசு" என்று சொல்லித்தான் கட்டினாள். அந்தக் குடும்பத்து வழக்கம் அது. மணி மருமகளிலிருந்து மருமகளுக்குப் போகும். நடுவில் எந்தப் பெண்ணுக்கும் சொந்தம் ஆகாது.

குருவி ஒன்றுக்கு அலகு இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் சுடர்ப்பக்கம் ரொம்பக் குனிந்துவிட்டாள். கருகமணி நூல் முன்னால் தொங்கி, சுடர் பட்டுக் கருகி, அறுந்தது. மணிகள் சாம்பலிலும் தரையிலும் சிதறின. ஒன்று மட்டும் சிவந்து கிடந்த குருவியின் முதுகில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அவள் பதறிப்போய் அதைக் கழற்றலாம் என்று மறுபடி சுடரில் காட்டினாள். மணி கழலவில்லை. இளகி, பச்சைக்குள் பாதி அமிழ்ந்து, பளபளவென்று உட்கார்ந்துகொண்டது. அப்படியே சாம்பலில் போட்டு மூடிவிட்டு, அழுதுகொண்டே மற்ற மணிகளைப் பொறுக்கினாள். கருகமணி அறுவதை யாரும் நல்லதாகச் சொல்ல மாட்டார்கள்.

சட்டிக்குள் சத்தமே கேட்கவில்லை. விடிந்து எடுத்துப் பார்த்தாள். முதுகில் ஒரு கண்ணோடு குருவி முழுசாக இருந்தது. நகத்தால் நெம்பினாள். கத்தி முனையால் தட்டினாள். அசையவில்லை.

அண்ணனை ஓடவிட்டாள். கௌஸ் மொய்தீன் கிருஷ்ணகிரி பஜாரில் கிடைத்த கறுப்பு மணியெல்லாம் வாங்கிவந்தான். பெங்களூர் சிக்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினான். ஒன்றும் நிற்கவில்லை. "இப்ப வர்ற சரக்கு வேற மாதிரிம்மா. உன் கழுத்துல இருக்கறது எந்தக் காலத்து மணியோ" என்றான்.

அதற்கப்புறம் சில நாள் அவள் விளக்கே ஏற்றவில்லை. புளி தட்டினாள், கொட்டை எடுத்தாள், லாரிகளைக் கேட்டாள். அவள் கை அடிக்கடி கழுத்துக்குப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கம்பியில் குருவிகள் வந்து உட்கார்ந்த நேரம், நூலின் முடிச்சை அவிழ்த்து இரண்டு மணியை எடுத்தாள். இரண்டு குறைந்தால் யாருக்கும் தெரியாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சாம்பலை ஊதிவிட்டு அந்தக் குருவியை உள்ளங்கையில் வைத்தபோது அது அவளைப் பார்த்தது. எவ்வளவோ நாளாக அந்த வீட்டில் அவளைப் பார்க்க யாரும் இல்லை. வெங்கடம்மாள் இருட்டில் வந்து இருட்டில் எழுந்து போகிறவள். அண்ணன் வந்தால் வீட்டைப் பார்ப்பான், கூரையைப் பார்ப்பான், அரிசிப் பானையைப் பார்ப்பான். முனவர் குருவியைச் சட்டென்று முறத்தில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

அப்புறம் இரண்டிரண்டாகப் போயிற்று. கம்பியில் அவள் பார்க்கிற வரிசை முழுவதையும் செய்துவிட வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. ஒன்று தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும். ஒன்று அலகைத் தூக்கியிருக்கும். ஒன்று மழையில் நனைந்த மாதிரி உடம்பைக் குறுக்கிக்கொண்டிருக்கும். ஒரே மாதிரி இரண்டு செய்யமாட்டாள். மணி குறையக் குறைய புருஷன் வருவான் என்ற எண்ணம் குறைந்ததா, எண்ணம் குறையக் குறைய மணியை எடுத்தாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நடந்தது. சுடரை ஊதுகிறபோது காதில் காற்றுச் சத்தம்தான் இருக்கும். ஒரு நாள் ஊதுகுழலைக் கீழே வைத்தபோது, எத்தனையோ லாரிகள் போயிருக்க வேண்டும், ஒன்றைக்கூடத் தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அது அவளுக்குப் பயமாக இருந்தது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

வெங்கடம்மாள் கண்ணுக்கு முந்தானை மறைப்பாகுமா?

"அம்மாயி, உன் கழுத்து நீண்டுபோச்சா, கருகமணி குறுகிப்போச்சா?"

"நூலு நனைஞ்சி சுருங்கிடுச்சி அவ்வா."

"எங்க ஊட்டு மாடு கயித்தத் தின்னுட்டு இப்படித்தான் முழிக்கும்" என்றாள் வெங்கடம்மாள். அதற்கு மேல் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

சூளகிரி சந்தையிலிருந்து திரும்பிய ஒரு மத்தியானம் கௌஸ் மொய்தீன் மலாரத்தை இறக்காமலே வாசலில் நின்றான். தண்ணீர் கேட்டான். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"என்னாண்ணே?"

"பத்ராவதியில நிக்காஹ் பண்ணிக்கிட்டானாம். லாரிக்காரங்க சொன்னப்ப நான் நம்பல. ஓசூருக்குப் போயி உங்க மாமியாவையே கேட்டுட்டேன். நிசம்தான்னாங்க. உனக்குத் தலாக்கும் ஆளு மூலமா சொல்லி அனுப்பிட்டான்."

முனவர் சாலைப் பக்கம் பார்த்தாள். எதிரே கம்பி காலியாக இருந்தது. மத்தியான வெயிலில் குருவிகள் வராது.

"மாமி என்னா சொன்னாங்க?"

"அவங்க என்னா சொல்வாங்க, பெத்தவங்க. வர்ற வெள்ளிக்கெழம இங்க வர்றாங்களாம். கருகமணிய வாங்கிட்டுப் போவணுமாம். புது மருமவளுக்குக் கட்டறதுக்கு."

அப்போதுதான் அவள் முந்தானையை விலக்கினாள். நூலில் இரண்டு பொன்குண்டும் பிறையும் இருந்தன. அவற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கறுப்பு மணி. மீதி வெறும் நூல்.

கௌஸ் மொய்தீனுக்கு முதலில் புரியவில்லை. அவள் முறத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஒவ்வொரு குருவியாக எடுத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வளையலைப் பார்த்தே வளர்ந்தவன். கண்ணாடி என்ன செய்யும், என்ன செய்யாது என்று அவனுக்குத் தெரியும். இப்படிச் செய்யும் என்று தெரியாது.

"அடிப் பாவி" என்றான். திட்டினானா, மெச்சினானா என்று அவள் கேட்கவில்லை.

பிறகு அவன் வழக்கம்போல வழி தேடினான். "பஜார்ல இதே அளவுல மணி இருக்குது. வாங்கிட்டு வர்றேன். கோத்துக் குடுத்துடு. வயசானவங்க, கண்ணு தெரியாது."

"கழுத்துல போட்டிருந்தவங்கண்ணே. கையால தொட்டாலே தெரிஞ்சிடும். தெரியலன்னாலும் நான் குடுக்க மாட்டேன்."

"அப்ப என்னா சொல்லுவ?"

"இருக்கறதச் சொல்லுவேன்."

"சரி, அந்த ரெண்டையாவது விட்டு வெய்யி" என்றான்.

சட்டியில் கடைசிக் குருவி கிடந்தது. வரிசையின் ஓரத்தில் உட்காருகிற குருவி. அதற்கு மட்டும் கண் இல்லை. வியாழக்கிழமை அவள் விளக்கை ஏற்றி, நூலை அவிழ்த்து, இரண்டு மணியையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குருவியை மறுபடி சூடேற்றி வைத்துவிட்டால் வரிசை முடிந்துவிடும். வேறு யாரும் கேட்கப்போவதில்லை. திரியில் எண்ணெய் தீர்ந்து சுடர் புகையத் தொடங்கியதும், மணிகளை நூலிலேயே கோத்து முடிச்சுப் போட்டாள். கட்டிவிட்ட கையில் வெறும் நூலைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

காத்தூன் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்தாள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், கையில் மூட்டை. முனவருக்குப் பிடித்த ஓசூர் பன் அதில் இருந்தது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தாள். கௌஸ் மொய்தீன் பாயை விரித்தான். வெங்கடம்மாள் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லித் தரலம்மா அவனுக்கு. அல்லா மேல சத்தியம்" என்றாள் காத்தூன்.

"தெரியும் மாமி. டீ குடிங்க."

டீ குடித்து முடித்தாள். "அந்த மணியக் குடுத்துடு" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு.

முனவர் நூலைக் கழற்றி மாமியாரின் கையில் வைத்தாள். காத்தூன் விரலால் தடவினாள். பொன்குண்டைத் தடவினாள், பிறையைத் தடவினாள். விரல் மேலே போய் வெறும் நூலில் நின்றது.

"பொன்னு சரியா இருக்குது. மணி எங்க?"

"கண்ணாயிடுச்சி மாமி."

"என்னா ஆயிடுச்சி?"

முனவர் முறத்தை முன்னால் நகர்த்தினாள். வாசல் வெளிச்சம் விழுந்ததும் எல்லாக் குருவிகளும் ஒரே நேரத்தில் மினுங்கின. காத்தூன் குனிந்து பார்த்தாள். புரிய ஆரம்பித்ததும் முகம் மாறியது.

"பொம்ம செஞ்சியா? என் மாமியா மணியில, அவங்க மாமியா மணியில பொம்ம செஞ்சியா? தம்பி, உன் தங்கச்சிக்குப் புத்தி சரியில்லன்னு எனக்கு யாரும் சொல்லலயே!"

"உங்க மவனுக்குப் புத்தி சரியில்லன்னு எங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றாள் கதவோரத்திலிருந்து வெங்கடம்மாள்.

"நீ சும்மா இரு அவ்வா" என்றான் கௌஸ் மொய்தீன்.

"எடு. மணியெல்லாம் எடு. எனக்கு வேணும்" என்றாள் காத்தூன்.

"எடுக்க முடியாது மாமி. உருகிச் சேர்ந்துடுச்சி."

"ஒடச்சி எடு."

சாலையில் ஒரு லாரி போயிற்று. முனவர் எழுந்து போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து மாமியாருக்கு முன்னால் வைத்தாள்.

"என்னால முடியாது மாமி. நீங்க ஒடைங்க."

"முனவரு!" என்று அண்ணன் கத்தினான். முறத்தை இழுத்துக்கொள்ள எழுந்தான். அவள் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள்.

காத்தூன் கைக்கு வந்த குருவியை எடுத்தாள். தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிற குருவி அது. ஒரு விநாடி தயங்கினாள். பிறகு தரையில் வைத்துக் குழவியால் ஒரே போடு போட்டாள். கண்ணாடி நெல் பொரிகிற மாதிரித் தெறித்தது. தலை இரண்டாகப் பிளந்தது. அவள் துண்டுகளைக் கிளறி மணியைத் தேடினாள். மணி இல்லை. ஒரு கண் பச்சைக்குள் முழுசாகப் புதைந்திருந்தது; இன்னொன்று தலையோடு சேர்ந்து நடுவில் பிளந்திருந்தது. பாதிக் கறுப்பு இந்தத் துண்டில், பாதிக் கறுப்பு அந்தத் துண்டில்.

முனவர் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தாள். பிளந்த முகத்தில் கறுப்பும் பச்சையும் சேருகிற இடத்தைத் தேடினாள். இடைவெளி இல்லை. கோடு இல்லை. மயிரிழை விரிசல்கூட இல்லை. ஒட்டுவது வேறு, ஒன்றாவது வேறு. இத்தனை நாளாக வெளியிலிருந்து தட்டிப் பார்த்தாளே தவிர, உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க அவளுக்கு மனம் வந்ததில்லை. இப்போது பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அண்ணே, பாரேன். ஒண்ணாயிடுச்சி. ஒடஞ்சாலும் பிரியல."

காத்தூன் மருமகளைப் பார்த்தாள். இருந்த கோபத்தில் பாதி பயமாக மாறிவிட்டது. புருஷன் கைவிட்ட சமயத்தில் உடைந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பெண்ணை என்ன செய்வது? குழவியைத் தள்ளி வைத்தாள். இரண்டாவது குருவியைத் தொடவில்லை.

கௌஸ் மொய்தீன் துண்டை வாங்கிப் பார்த்தான். "ஆமாம்மா" என்றான்.

பொன்னையும் இரண்டு மணியையும் நூலிலிருந்து உருவிக் காத்தூன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "இந்த ரெண்ட வெச்சிக்கிட்டு அவளுக்கு என்னாத்தக் கட்டுவேன்?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"புது மணியோட சேர்த்துக் கோத்துடுங்க மாமி. நூலுல கோக்கறதுக்கு எந்த மணியும் சேரும்" என்றாள் முனவர்.

வெறும் நூல் பாயில் கிடந்தது. காத்தூன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது பன் மூட்டையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனாள். படியில் இறங்கியவள் திரும்பி, "அதையெல்லாம் ரோட்டுப் பக்கம் தெரியற மாதிரி வெக்காத" என்றாள்.

அவள் போனதும் கௌஸ் மொய்தீன் சட்டி பானைகளை ஒரு நோட்டம் விட்டான். கட்டி ஏற்ற ஒரு மாட்டு வண்டி போதும் என்று மனதில் போட்டிருப்பான்.

"இனிமே இங்க என்னா இருக்குது? கிளம்பு. பூட்டின ஊட்டப் பார்த்துத் திரும்பிப் போறதுக்கு யாரும் வரப்போறதில்ல."

"இல்லதான்."

"அப்புறம்?"

"உங்க தெருவுல தந்திக் கம்பி இல்லண்ணே."

அவன் வாதாடவில்லை. தங்கை எதைச் சொன்னாலும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவன் அவன். அந்தக் காரணத்தை மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். வீட்டில் மனைவி கேட்பாள். தெருவில் நாலு பேர் கேட்பார்கள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மலாரத்தைத் தோளில் ஏற்றினான்.

முனவர் பாயில் கிடந்த நூலை எடுத்து ஈரக்கையால் நீவினாள். குருவிகளை ஒவ்வொன்றாகக் கோத்தாள். ஜன்னலின் இரண்டு கம்பிக்கும் நடுவில் இழுத்துக் கட்டினாள். முகமெல்லாம் வீட்டுக்குள்ளே பார்த்திருக்கும்படி திருப்பி விட்டாள். ஓரத்தில் கண் இல்லாத குருவி. நடுவில், தலை திருப்பிய குருவி இருக்கவேண்டிய இடத்தில், ஒரு இடைவெளி.

"நெருக்கி விடட்டுமா?" என்று கேட்டான் அண்ணன்.

"வேணாம். அதுங்க அப்படித்தான் உக்காரும்."

அவன் பஸ்ஸுக்குப் போனான். அவள் தரையில் மண்டியிட்டு, தெறித்துக் கிடந்த துண்டுகளை நகக்கண்ணில் படாமல் பொறுக்கினாள். அவை எந்தப் பெட்டியில் வந்த பச்சை என்று அவளுக்கு நினைவிருந்தது. மஞ்சள் துணி சுற்றிய கொட்டாங்கச்சியை எடுத்து, கறுப்பு ஒட்டிய இரண்டு துண்டையும் சேர்த்து, அதில் போட்டு வைத்தாள்.